இரண்டாவது சரணம்

காலை ஆறு மணிக்கு என் அண்ணனின் பொற்காலம் என் போனில் வந்து விழும். எங்கள் குடும்பக் குழுவில் நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்குமாகச் சேர்த்து அவர் ஒரு படம் அனுப்புவார். கேசட்டின் பல்லில் செருகிய பென்சில், மரப்பெட்டி ரேடியோ, டூரிங் டாக்கீஸ் மணல் தரை. கீழே 'அது ஒரு காலம்' என்று எழுதி மூன்று அழுகைப் பொம்மைகள். ஏழு மணிக்குள் பதினைந்து பேர் கை கூப்பியிருப்பார்கள். 'அந்தப் பாட்டெல்லாம் இனி வருமா' என்று ஒருவர் கேட்பார். 'வரவே வராது' என்று அடுத்தவர் அடித்துச் சொல்வார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை வேகமாக நடப்பேன். படித்துறையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். நடந்ததால் வந்த மூச்சிரைப்பு இல்லை அது.

பாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பாட்டுகளை அந்த நாற்பத்தொரு பேரையும்விட நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கேட்டு அழுதும் இருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அக்கா மேடையில், மைக்கின் முன்னால் நின்றாள். என் அண்ணன் மேடைக்குப் பக்கவாட்டில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூட்டத்தின் முதல் வரிசையில், கையில் பேனாவோடு நின்றேன். ஒரே காலம்தான். மூன்று பேருக்கும் ஒன்றாகவா இருந்தது அது?

இந்த வருஷம் அண்ணனுக்கு அறுபது. கொள்ளிடக் கரையோரத்து மண்டபத்தில் காலையில் ஹோமம், தாலி கட்டு எல்லாம் முறைப்படி. மாலையில் 'அந்த நாள் ஞாபகம்' என்று ஒரு நிகழ்ச்சி. ஏற்பாடு முழுக்க அண்ணன் மகளுடையது. கெட்டிக்காரப் பெண். பெங்களூரில் வேலை. ஒரு மாதம் முன்பே எனக்குப் போன் செய்தாள்.

"சித்தப்பா, எல்லாரும் எண்பதுகள் டிரெஸ்லதான் வரணும். பெல்பாட்டம், பெரிய காலர். உங்ககிட்ட இருக்கா?"

"எண்பதுகள்ல எனக்கு அரைக்கால் டிரவுசர்தான்மா இருந்துச்சு."

"அதையும் போட்டுக்கலாம், சூப்பரா இருக்கும்" என்று சிரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "ஒரு மெட்லி வச்சிருக்கேன். இருபது நிமிஷத்துல இருபத்திரண்டு பாட்டு. ஒவ்வொருத்தரும் ரெண்டு வரி. அத்தையும் பாடணும். அத்தை அந்தக் காலத்துல செமையா பாடுவாங்களாமே, அப்பா சொல்லிச் சொல்லி அழுவாரு."

அப்பா சொல்லிச் சொல்லி அழுவாராம். எனக்குக் காது சூடாகிவிட்டது. சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள். அவள் புத்தூரில் ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். மாமா காலமாகி நாலு வருஷம். மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"ரெண்டு வரி பாடணுமாம்டா."

"உனக்கு வேணாம்னா நான் சொல்லிக்கிறேன்க்கா."

"யாரு வேணாம்னா? எனக்கு முழுப்பாட்டும் பாடணும். பல்லவி, ரெண்டு சரணம், முழுசா. அந்தப் பாட்டுதான்."

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அந்தப் பாட்டு ஒன்றுதான்.

அப்போதெல்லாம் பாட்டுக் கச்சேரி என்றால் திருவிழாவின் கடைசி நாள். நாலு பெஞ்சை இழுத்துப் போட்ட மேடை, சீரியல் பல்பு, பத்து வீட்டுக்கு ஒன்றாக மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். உறையூரில் ஒரு குழு இருந்தது. ஆண்கள் ஏழு பேர், பாட ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் நெருங்கிவிட, மாற்றுக் குரல் தேடினார்கள். கல்லூரிப் போட்டி ஒன்றில் என் அக்கா பாடியதை அவர்களுடைய கிட்டார்க்காரர் கேட்டிருந்தார். அவளுக்கு அப்போது இருபது வயது. வீட்டில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொன்னாள். துணைக்குத் தம்பி போகிறான் என்றால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. தம்பி நான். பதினாலு வயது. ஆறு மாதத்தில் அவளோடு எட்டுக் கச்சேரிக்குப் போனேன். புத்தூரில் ஒன்று, துவாக்குடியில் இரண்டு, சமயபுரத்தில் பூச்சொரிதல் திருவிழாவின்போது ஒன்று, மற்றவை சுற்றுக் கிராமங்களில். ஒவ்வொன்றிலும் அவள் குரல் குழாய்க்குள் புகுந்து ஊரின் மேல் பரவுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இது எங்கள் வீட்டுக் குரல் என்று பக்கத்தில் நிற்பவனின் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல இருக்கும். சொல்லக் கூடாது. அறிவிப்பாளரிடம் அவள் வாங்கிக்கொண்ட ஒரே சத்தியம் அது. 'பாடுபவர் ஒரு கல்லூரி மாணவி.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்த பாட்டைக் கூட்டத்திலிருந்து சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். பாட்டின் முதல் வரி, கேட்பவர் பெயர், தகப்பனார் பெயர், தெரு. நாலும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அறிவிப்பாளர் 'முகவரி இல்லாத காதலரே, மன்னிக்கவும்' என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டு, சீட்டைக் கசக்கிப் போடுவார். அதனால் எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள். தங்கள் பெயரும் தகப்பன் பெயரும் குழாய் வழியாகத் தெரு முழுக்க ஓடும் அந்த நாலு விநாடிக்காகவே பாதிப் பேர் கச்சேரிக்கு வந்தார்கள்.

ஒன்பதாவது கச்சேரி எங்கள் ஊரான ஸ்ரீரங்கத்திலேயே அமைந்துவிட்டது. ஆற்றோரத்து அம்மன் கோயில். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி. வேண்டாம் என்றேன். அவள்தான் சொன்னாள், "குழாயில வர்ற குரல யாருடா அடையாளம் கண்டுபிடிக்கப் போறாங்க? எல்லாரும் ரெக்கார்டுன்னு நினைச்சுப்பாங்க." அப்பா காந்தி மார்க்கெட் வாழைமண்டியில் இருந்தார். நள்ளிரவில் மண்டிக்குப் போக வேண்டிய அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாலை ஏழு மணி இருக்கும். அவள் பாட வேண்டிய பாட்டு அடுத்தது என்று எனக்குத் தெரியும். சீட்டே தேவையில்லை, எப்படியும் பாடப் போகிறாள். ஆனால் சுற்றி ஒவ்வொருவனாக எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கை நிற்கவில்லை. கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். 'அடுத்துப் பாடவிருக்கும் என் அருமை அக்காவின் இனிய குரலில் இந்தப் பாடலைக் கேட்க ஆவலோடு காத்திருக்கும் அன்புத் தம்பி' என்று எழுதினேன். என் பெயர். அப்பா பெயர். வாழைமண்டி. தெரு. கதவு எண்ணும் எழுதினேன். கதவு எண்ணை எவனும் எழுத மாட்டான். கடிதம் எழுதும் பாடத்தில் கதவு எண் விட்டுப்போனால் தமிழ் வாத்தியார் அரை மார்க் குறைப்பார். அந்தப் பயம்.

அறிவிப்பாளருக்கு ஒரு நாளைக்கு நூறு சீட்டு. எதையும் முன்கூட்டிப் படிப்பதில்லை. கையில் வந்ததை அப்படியே, கணீரென்று, அருமை அக்காவிலிருந்து கதவு எண் வரைக்கும் வாசித்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க இத்தனை வருஷமாக எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை, இப்போதும் இல்லை. அதற்குள் கிட்டார் தொடங்கிவிட்டது. அவள் பாடினாள். பல்லவி பாடினாள். முதல் சரணம் பாடினாள். ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முந்தைய புல்லாங்குழல் நடக்கும்போது அண்ணன் வந்தார். பனியனோடு வந்திருந்தார். சட்டை போடக்கூட நிற்காமல் சைக்கிளை எடுத்திருக்கிறார். கத்தவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில் நின்று சைக்கிள் மணியை ஒரே ஒரு தரம் அடித்தார். புல்லாங்குழல் முடிந்தது. அவள் பாட வேண்டிய இடம் வந்தது. அவள் மைக்கைத் தாங்கியில் திருப்பி வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, படியிறங்கினாள். புல்லாங்குழல்காரர் அதே இசையை இன்னொரு முறை வாசித்தார். மறுபடியும் ஒரு முறை வாசித்தார். கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்தது.

அப்பா மண்டியிலிருந்து வந்தார். கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார். பேசியதெல்லாம் அண்ணன்.

"நாளைக்கு மண்டியில எவன் மூஞ்சியில முழிக்கிறது? மைக்கப் புடிச்சுக்கிட்டு ஆடுற பொம்பளைன்னு பேச மாட்டான்?"

"நான் ஆடல. நின்னுக்கிட்டுதான் பாடுனேன்."

"நின்னா என்ன, ஆடுனா என்ன, ரெண்டும் ஒண்ணுதான்."

டைப்ரைட்டிங் நின்றது. தை மாதம் கல்யாணம். அந்தக் கச்சேரி நடந்து ஒரு வாரம் கழித்து, அழுதுகொண்டே அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள், "விடுடா. கதவு நம்பர் வரைக்கும் எழுதுனவன் பின்கோடு மறந்துட்டியே." இன்றுவரை அது பற்றி அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அது.

சரி, நல்ல மனிதர் வீட்டுக்குத்தான் போனாள். மாமா சாது. ஆனால் மாமியாருக்குப் பாட்டு என்றால் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றும்போது இரண்டு சுலோகம், அவ்வளவுதான். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். கிரைண்டர் ஓடும்போது பாடுவாள். அந்தக் கல் சுற்றும் சத்தமே சுருதி. அரை மணி நேரம். எவருக்கும் கேட்காது, அவளுக்கு மட்டும் கேட்கும். அந்த வீட்டில் எப்போதும் மாவு அதிகம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டுவாள். பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு, ஆஸ்பத்திரி நர்சுகள் வரைக்கும் அவள் மாவில் இட்லி சாப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்கும் தூக்குவாளியில் வரும். மாமியார் போன பிறகும், மாமா போன பிறகும் அவள் கிரைண்டர் போட்டுத்தான் பாடினாள். பழகிவிட்டது என்றாள். முப்பத்தைந்து வருஷம் ஒரு பெண் மாவுக்குள் பாடியிருக்கிறாள். என் அண்ணன் அதைப் பொற்காலம் என்கிறார். அந்தத் தூக்குவாளியை அவர் தலையில் கவிழ்க்க எனக்கு எத்தனை தடவை தோன்றியிருக்கிறது தெரியுமா.

முழுப்பாட்டு என்று அவள் சொன்னதை அண்ணன் மகளிடம் சொன்னேன். "நேரம் இல்லையே சித்தப்பா. ட்ராக் எல்லாம் வெட்டி ஒட்டி ரெடி பண்ணியாச்சு. அத்தைக்குப் பல்லவி இருக்கே, அதுதானே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அவள் சொன்னது உண்மை. எல்லோருக்கும் பல்லவிதான் ஞாபகம் இருக்கிறது. நம்முடைய ஏக்கம் மொத்தமும் பல்லவியால் செய்தது. சரணத்தில் மூச்சு வேண்டும். சரணத்தில் கதை நடக்கும், ஆள் மாறும், எவனாவது சைக்கிளில் வந்து நிற்பான். யாருக்கு வேண்டும் அது?

அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றாள். பின்னணியில் கிரைண்டர் சத்தம் இல்லை. அதை நான் கவனித்தேன். ஒரு மாதமாகக் கிரைண்டர் இல்லாமல், ஜன்னலைத் திறந்துவைத்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். கீழே இருக்கும் வாட்ச்மேன் 'நேத்து அந்த எடத்துல கொஞ்சம் இழுத்துட்டீங்க' என்று விமர்சனம் சொல்கிற அளவுக்கு.

மண்டபத்து வாசலில் தெர்மக்கோலில் ஆளுயர ரேடியோ. கேசட் மாதிரி வெட்டிய அட்டைகள் கூரையிலிருந்து தொங்கின. தேன்மிட்டாய், கமர்கட் எல்லாம் கண்ணாடி ஜாடிகளில். ஒரு மூலையில் நிஜக் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வாடகைக்கு வாங்கி, பூ சுற்றி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மின்சாரம் கிடையாது. அதன் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அக்காவையும் கூப்பிட்டார்கள். "எனக்கு வேணாம்பா, இதோட நான் நிறைய நின்னாச்சு" என்று நகர்ந்துவிட்டாள்.

மேடையில் இரண்டே பேர். கீபோர்டுக்காரர், ரிதம் பேடுக்காரர். அக்கா நேராகக் கீபோர்டுக்காரரிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"முழுப்பாட்டும் வருமாங்க?"

"மெட்லிதானே மேடம் சொன்னாங்க. ட்ராக் கட் பண்ணி லோடு பண்ணிட்டோம். நான் சும்மா மேல கை வச்சுக்கிட்டிருப்பேன்."

"ட்ராக் வேணாம். நீங்க வாசிங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எங்களை வாசிக்கச் சொல்லி யாரு மேடம் இப்பல்லாம் கேக்குறாங்க? எந்த ஸ்கேல்?"

"ஒரிஜினல்ல இருந்து மூணு இறக்குங்க. எனக்கு அம்பத்தாறு."

"எனக்கு அம்பத்தொம்பது மேடம். அஞ்சுகூட இறக்கலாம், வெக்கப்படாதீங்க."

இருவரும் சிரித்தார்கள். புல்லாங்குழல் வரும் இடத்தை அவர் மெதுவாக வாசித்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள். ரிதம் பேடுக்காரர் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துக்கொண்டார். மெட்லி முடிந்ததும், கேக் வெட்டுவதற்கு முன்னால் பாடிவிடலாம் என்று மூவரும் ரகசியமாக முடிவு செய்தார்கள்.

அதற்குள் அண்ணன் மைக்கைப் பிடித்துவிட்டார். பெரிய காலர் சட்டை, கழுத்தில் மாலை.

"எங்க வீடுன்னாலே பாட்டுதாங்க. என் தங்கச்சி பாடுனா ஸ்ரீரங்கமே நின்னு கேக்கும். அப்படி ஒரு குரல். கல்யாணம் ஆனதும் குடும்பந்தான் முக்கியம்னு அதுவே விட்டுடுச்சு. அந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படி. இன்னைக்கு வருமா?"

கை தட்டினார்கள். அவர் கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீர் நிஜம். அதுதான் தாங்க முடியவில்லை. பொய் சொல்கிறவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். இவர் நம்புகிறார். சைக்கிள் மணியை மறந்தே போய்விட்டார், சுத்தமாக, துடைத்த பலகைபோல. நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. மேடைக்குப் போய் அந்த மைக்கைப் பிடுங்கி, இருநூறு பேருக்கு முன்னால், பனியனிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.

பின்னாலிருந்து அக்கா என் சட்டையை இழுத்தாள்.

"எங்க போற?"

"சொல்லப் போறேன்."

"என்னத்த?"

"நடந்தத. நான் பண்ணுனதையும் சேத்து."

"உக்காரு. இன்னைக்கு நீ மைக்கப் புடிச்சா சண்டை வரும். சண்டை வந்தா புரோகிராம் நின்னுடும். அப்ப நான் எப்பப் பாடுறது?"

"உனக்குக் கோபமே வரலியாக்கா?"

"வருது. பாடி முடிச்சிட்டுப் படுறேன். உனக்குக் கோபப்பட வருஷம் முழுக்க இருக்கு. எனக்கு அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. உக்காருடா அன்புத் தம்பி."

உட்கார்ந்தேன். நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

மெட்லி நடந்தது. ஒவ்வொருவராக இரண்டு வரி பாடி, இடுப்பை அசைத்து, இறங்கினார்கள். அக்காவும் தன் இரண்டு வரியை நல்ல பிள்ளையாகப் பாடிவிட்டு மேடையிலேயே ஓரமாக நின்றாள். இருபத்திரண்டாவது பாட்டு முடிந்து கேக் வண்டியைத் தள்ளி வரும்போது, கீபோர்டு தானாகப் பேச ஆரம்பித்தது. அண்ணன் மகள் திரும்பிப் பார்த்தாள். அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பல்லவிக்கு ஆரவாரம். அறுபது போன்கள் உயர்ந்தன. அவள் குரல் இறங்கியிருந்தது. அடியில் கொஞ்சம் மணல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்து, சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். முதல் சரணம் தொடங்கியதும் போன்கள் இறங்கின. எங்கேயோ இலை போட்டாச்சு என்ற செய்தி வந்தது. நாற்காலிகள் கீச்சிட்டன. கண்ணீர் விட்டவர்கள், கை கூப்பியவர்கள், அந்தப் பாட்டெல்லாம் இனி வருமா என்றவர்கள், பாட்டு வந்து நிற்கும்போது முதல் பந்தியைப் பிடிக்க எழுந்து போனார்கள். பெல்பாட்டம் தடுக்கத் தடுக்கப் போனார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "நம்ம காலத்துப் பாட்டு மாதிரி வருமாங்க?" என்றார்.

"இருங்க, இன்னும் ஒரு சரணம் இருக்கு."

"கேட்டதுதானே" என்று நடந்துவிட்டார்.

கேட்டதில்லை, ஐயா. நீர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எவனும் கேட்டதில்லை.

கீபோர்டில் புல்லாங்குழல் வந்து முடிந்தது. முப்பது பேர் இருந்திருப்போம். அக்கா ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தாள். அது மைக்கில் பெரிதாகக் கேட்டது. பிறகு இரண்டாவது சரணத்தைப் பாடினாள். மூன்றாவது வரியில் ஒரு சொல் மறந்தது. ஹம்மிங்கில் அந்த இடத்தைக் கடந்து அடுத்த சொல்லில் இறங்கிக்கொண்டாள். கீபோர்டுக்காரர் 'ஆஹா' என்று வாய்விட்டுச் சொன்னார். முடித்ததும் மைக்கைத் தாங்கியில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். கேக் வண்டியைப் பிடித்தபடி நின்ற அண்ணன் மகள் கை தட்ட மறந்து நின்றாள். அப்புறம் என்னிடம் வந்து, "சித்தப்பா, அத்தை ஏன் விட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உங்க அப்பாவக் கேளும்மா" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவ்வளவோடு நிறுத்தினேன்.

கேட்டாளா, அவர் என்ன சொன்னார், எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழுவில் அக்கா பாடும் வீடியோ வந்தது. பல்லவி மட்டும். கீழே மூன்று அழுகைப் பொம்மைகள்.

அக்கா அதைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு வேலை வந்திருந்தது. கீபோர்டுக்காரர் அவள் நம்பரை வாங்கிப் போயிருக்கிறார். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. இருந்த பாடகி வெளியூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி, எட்டுப் பாட்டு, வர முடியுமா மேடம்?

"கொண்டுபோய் விடுடா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குப் புத்தூரில் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டேன். மடியில் சுடுதண்ணீர் பிளாஸ்க், பாட்டெழுதிய நீள நோட்டு. ஏசி தொண்டைக்கு ஆகாது என்று நிறுத்தச் சொன்னாள். கண்ணாடியை இறக்கினால் தூசி ஆகாது என்றாள். வேர்த்து வழிய, காவிரியைத் தாண்டி, கொள்ளிடத்தையும் தாண்டி, டோல்கேட் நெரிசலில் நின்றோம். அண்ணன் கூப்பிட்டார். கார் ஸ்பீக்கரில் அவர் குரல் நிறைந்தது.

"எங்கடா இருக்க?"

"டோல்கேட்டுல."

"அப்ப நிஜந்தானா? கூட்டிட்டுப் போறியா? அன்னைக்கு நம்ம வீட்டு விசேஷம், பாடுச்சு, சரி. இது ஊரான் வீட்டுக் கல்யாணம்டா. இந்த வயசுல, மேடையேறி, ஆர்க்கெஸ்ட்ரா ஆளுங்களோட. அவ மக வீட்டுல சம்பந்தி என்ன நினைப்பாங்க? நாளைக்கு நான் வெளிய தலைகாட்ட வேணாமா?"

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். இந்தத் தடவை பனியனுக்கு மேல் சட்டை போட்டிருப்பார், அவ்வளவுதான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முப்பத்தைந்து வருஷத்தையும் திரட்டி வாயைத் திறந்தேன். அக்கா கையை நீட்டி என் முழங்கையை அழுத்தினாள்.

"அண்ணே, நான்தான். காபி குடிச்சாச்சா?"

"குடிச்சேன்."

"பிரஷர் மாத்திரையும் போட்டுக்குங்க. நான் பாடிட்டு வந்து பேசுறேன்." போனை அவளே அணைத்தாள். எந்தப் பித்தானை அழுத்த வேண்டும் என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தேடித்தான் அணைத்தாள்.

நெரிசல் விட்டது. மண்ணச்சநல்லூர் சாலையில் தவிட்டு வாசனை வர ஆரம்பித்தது. நான் இன்னும் மனசுக்குள் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேசாததையும் நானே பேசி, அதற்கும் பதில் சொல்லி, எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டு வந்தேன். அவள் நோட்டைப் புரட்டினாள். எட்டுப் பாட்டு. அந்தப் பாட்டு அதில் இருக்கும் என்று நினைத்தேன்.

"அது இல்லடா. மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் சின்னப் பசங்க. புதுசுதான் கேட்டிருக்காங்க. எட்டும் புதுசு."

"உனக்கு எப்படித் தெரியும் அதெல்லாம்?"

"நாலு நாளா அதானே வேலை. கேளு, இது எப்படி இருக்குன்னு."

தொடையில் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினாள். போன வருஷத்துப் பாட்டு. ஆட்டோவிலும் டீக்கடையிலும் கேட்டு, என்ன பாட்டு இது, என்ன காலம் இது என்று நான் காதைப் பொத்திக்கொண்ட பாட்டு. அர்த்தமில்லாத சொற்கள், இடிக்கிற தாளம். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. சொல்ல வாயெடுத்தேன். சாலையில் ஒரு நெல் லாரி குறுக்கே திரும்பியது, பிரேக் போட்டேன். அவள் பாட்டை நிறுத்தவில்லை. சரணத்தின் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நின்றாள்.

"இங்க மூச்சு எடுத்தா சொல்லு உடையுதுல்ல?"

"ஆமா."

"அப்ப அடுத்த வரிக்குப் போயி எடுக்குறேன்" என்று, அந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து பாடிப் பார்த்தாள்.